பட்டமளிப்பு விழாவில் பெற்றோருக்கும் இடமுண்டு

2009 ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் எமது கைகளைப் பிடித்துக்கொண்டு பதுங்குகுழிகளில் ஒடுங்கியிருந்த சிறுவர்கள் இன்று பல்கலைக்கழகப் பட்டதாரிகளாகி வருகிறார்கள். இவர்களிற் பலர் இழந்த படிப்பை மீண்டும் தொடங்கியது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களிலேதான். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரை அங்கிருந்த குடும்பங்களும் எம்மிடையே உண்டு. ஆனால் பிள்ளையின் பட்டமளிப்பு விழா என்றதும் எம்மிற் பல பெற்றோர் பின்னிற்கிறோம். இது சரியா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

முதற் காரணம் கூச்சம். "தோட்டம், வயல் என்று திரிகிற எங்களுக்கு அங்கே என்ன வேலை, பிள்ளை போய் வாங்கிக்கொண்டு வரட்டும்" என்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974 இல் ஒரு வளாகமாகத் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவராக இருந்தவர் பேராசிரியர் கைலாசபதி. விழா பல நாட்கள், பல அமர்வுகளாக நடைபெறுகிறது. அந்தப் பல்கலைக்கழகம் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. கடையில் நாம் வாங்கும் பொருட்களுக்கும் வரி கொடுக்கிறோம். ஆகவே அங்கே நாம் அந்நியர் அல்லர்.

இரண்டாவது காரணம் செலவு. வான் வாடகை, புதுச்சேலை, படப்பிடிப்பு, ஊருக்கு விருந்து என்று கணக்கு நீள்கிறது. இதற்காக நகையை அடகு வைப்பதையும் நுண்கடன் எடுப்பதையும் நாம் வன்மையாக எதிர்க்கிறோம். கடன்பட்ட பெண்களின் துயரம் முற்றி, 2018 இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்ததை மறக்கலாகாது. பட்டம் கிடைத்த மறுநாளே வேலை கிடைப்பதுமில்லை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரத்தில் நாட்கணக்காக இருந்து போராடினார்கள். தவணைக் கடன் அதுவரை காத்திராது.

மூன்றாவது காரணத்தை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்பா இல்லாத பிள்ளை, அம்மா இல்லாத பிள்ளை, இருவருமே இல்லாத பிள்ளை எமது ஊர்களில் உண்டு. மற்றவர்கள் பெற்றோருடன் நின்று படம் எடுக்கும்போது அப்பிள்ளை ஒதுங்கி நிற்கும். அங்கே அம்மம்மாவோ, சித்தியோ, பெரியப்பாவோ, வளர்த்தவர் எவரோ அவர் போய் நிற்க வேண்டும். பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் இருக்கிறது. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு அது இடித்தழிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதமிருந்தார்கள், அதே ஆண்டு ஏப்ரலில் அது மீண்டும் எழுந்தது. விழா முடிந்ததும் பிள்ளையோடு அங்கே சென்று சற்று நேரம் மௌனமாக நிற்கலாம். இறந்தவர்களையும் மகிழ்ச்சியிற் சேர்த்துக்கொள்ள இதைவிட எளிய வழியில்லை.

என்ன செய்யலாம்? கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து, ஒரே நாளில் பட்டம் பெறும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஒரு பஸ்ஸை ஒழுங்கு செய்யலாம். பரந்தன் வழியாக நீண்ட பயணம் என்பதால், யாழ்ப்பாணத்தில் முதல்நாள் இரவு தங்க உறவினர் இல்லாதோருக்குப் பங்குகள் மூலம் இடம் கேட்கலாம். வீட்டுக்கு வீடு விருந்து வைப்பதை நிறுத்தி, ஊருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்கலாம். அதிலே பட்டதாரிகள், சாதாரணதரம் படிக்கும் தம்பி தங்கையருக்குத் தாம் படித்த வழியை எடுத்துச் சொல்லட்டும். விவசாயம் படித்தவர்கள் எமது வயல்களையும் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும்.

கூப்பிட்டால் அப்பா அம்மாவுக்குச் சங்கடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். போனால் பிள்ளைக்குச் சங்கடம் என்று நாம் நினைக்கிறோம். இதை வீட்டிலே வாய்திறந்து பேசுவோம். இருக்கிற சேலையை, இருக்கிற வேட்டியைத் தோய்த்துக் கட்டிக்கொண்டு போவோம்.