கொள்ளை நோயும் கொள்ளை லாபமும்

தொற்றுநோய் பரவுங் காலத்தில் சாமான்களின் விலை ஏறுவது கிராமவாசிகளுக்குப் புதிய விஷயமன்று. ஆயினும் அவ்வாறு ஏறும் விலையில் ஒரு பகுதியே சரக்குக் குறைவினால் உண்டாவது. மற்றொரு பகுதி, வாங்குவோனுக்கு வேறு கதியில்லை என்பதை அறிந்து விற்பவன் கூட்டி வைப்பது. பின்னதைச் சட்டத்தினால் தடுப்பது நியாயமே. எனினும் இது பற்றிக் குடியானவர்களிற் பலருக்கு மனக்குறை உண்டு. கத்தரிக்காய் பறிகூலிக்கும் கட்டாமல் விற்றபோது ஏனென்று கேளாத சர்க்கார், விலை ஏறினால் மட்டும் வருவானேன் என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் விலைக் கட்டுப்பாடே விவசாயிக்கு விரோதம் என்று அதனின்றும் முடிவு கட்டுவது பிசகாகும்.

2020-ஆம் வருஷத்துக் கொரோனா நோயின்போது நடந்தவற்றைக் கவனித்தால் இது விளங்கும். அவ்வருஷம் மார்ச்சு 13-ந் தேதி முகக்கவசமும் கைகளுக்கான கிருமிநாசினியும் 1955-ஆம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. 21-ந் தேதி, இரண்டடுக்கு முகக்கவசத்திற்கு 8 ரூபாய், மூன்றடுக்குக்கு 10 ரூபாய், 200 மில்லிலிட்டர் கிருமிநாசினிக்கு 100 ரூபாய் என உச்ச விலை விதிக்கப்பட்டது. அச்சட்டத்தை மீறுவோருக்கு ஏழாண்டு வரை சிறைவாசம் விதிக்க இடமுண்டு. இவ்வுத்தரவு ஜூன் 30-ந் தேதி வரையில்தான் நீடித்தது. அதற்குள் ஆலைகளும், ஊர்ப் பெண்களின் சுய உதவிக் குழுக்களும் தைத்துக் கொடுத்தமையால் சரக்குத் தாராளமாயிற்று. கெடாமல் ஒளித்து வைக்கக்கூடிய பண்டத்திற்கு, உற்பத்தி பெருகும் வரையில், இம்முறை பொருந்தும்.

காய்கனிகளின் சங்கதி வேறு. அவ்வருஷம் மார்ச்சு 25-ந் தேதி ஊரடங்கு தொடங்கியபின் ஆளும் வண்டியும் அகப்படாமல் வாழைத்தாரும் தர்ப்பூசணியும் வயலிலேயே அழுகின. மே 5-ந் தேதி சென்னைக் கோயம்பேட்டுச் சந்தை மூடப்பட்டு, திருமழிசையில் தற்காலிகச் சந்தை ஏற்படும் வரையில் பட்டணத்தில் காய்கறி விலை ஏறிற்று. விளைத்தவனுக்கு வீழ்ச்சி, உண்பவனுக்கு ஏற்றம்! இந்நிலையில் கடைக்காரனுக்கு மட்டும் உச்ச விலை விதித்தால், அவன் அந்த நஷ்டத்தைக் குடியானவன் தலையிலேயே கட்டுவான். இங்கு வேண்டுவது வழி திறந்திருப்பது. 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் நோய்க்காலத்தில் பல ஊர்களில் பஸ் நிலையங்களுக்கும் மைதானங்களுக்கும் மாற்றப்பட்டு நடந்தன. வீதிதோறும் வண்டியில் காய்கறி விற்கவும் ஏற்பாடாயிற்று. உத்தரவு செய்ய இயலாததை இவை ஓரளவு செய்தன.

குடியானவனும் வாங்குபவனே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். துவரம்பருப்பும், சோப்பும், மருந்தும் அவன் கடையில்தான் வாங்க வேண்டும். பொட்டலத்தின்மேல் அச்சிட்ட விலைக்கு மேற்பட்டு விற்பது நோய்க்காலமாயினும் அல்லவாயினும் குற்றமே. அன்றியும், களஞ்சியத்தில் பருப்போ மிளகாய் வற்றலோ வைத்துக்கொண்டு நோய் முற்றட்டும் என்று காத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. அவர்கள் வியாபாரியைக் குறை கூறுவது அழகன்று.

கிராம அதிகாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை பற்றிப் புகார் வந்தவுடன் அகப்படுகிறவன் ஊர்ச் சில்லறைக் கடைக்காரனே. அவனும் அதிக விலைக்கு வாங்கியவனாக இருக்கலாம். முதலில் அவனுடைய கொள்முதல் ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் விலை ஏறியிருப்பின் அவனை விட்டுவிட்டு, ரசீதின் நகலோடு, மொத்த வியாபாரியின் கிடங்கு எவ்விடத்தில் உள்ளது என்பதையும் குறித்து, தாலுகா வழங்கல் அதிகாரிக்கு அன்றே அனுப்பிவிட வேண்டும்.