ரப்பருக்கும் வயசு உண்டு

படுக்கையும் அடுப்பும் உள்ள 'காரவான்' என்ற வீட்டு வண்டிக்குக் கேரள அரசாங்கம் 2021-ல் ஒரு சுற்றுலாத் திட்டமே போட்டது. பல்லாவரத்து வாசலிலிருந்து அப்படியொரு வண்டியில் கிளம்ப உங்களுக்கும் ஆசையா? சொந்த வண்டியோ, வாடகையோ, ஏறுமுன் குனிந்து ரப்பரைப் பாருங்கள்.

இந்த வண்டிகள் ஓடும் நாளைவிட நிற்கும் நாளே அதிகம். டயரில் பட்டன் தேயாமல் புதுசு போலவே இருக்கும். ஆனால் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து வருஷம் ஆனபின் வருஷா வருஷம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பத்து ஆகிவிட்டால், தேயாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

காஸ் ட்யூபும் ரப்பர்தானே! அதன்மேலும் தேதி அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷத்துக்குமேல் வைக்காதீர்கள். சோப்பு நுரை தடவுங்கள். கசிவு இருந்தால் குமிழி விடும். வண்டி ஓடும்போது சிலிண்டரை மூடியே வையுங்கள்.

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பீரோ, நாற்காலி எது வேண்டுமானாலும் வாங்குங்கள். பழைய டயரும் ட்யூபும் மட்டும் வேண்டாம். குழந்தைகள் தூங்கும் வண்டி அல்லவா!