தியானத்தில் உட்கார்ந்தால் காது கேட்காமல் போகுமா?

எஸ்.பி.எம். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, என் படிவம் ஐந்து மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்தின் வாசலில் தயங்கி நின்றான். “எனக்குத் தியானம் வரல டீச்சர்” என்றான். வீட்டில் பணம் கட்டி, நினைவாற்றலை வளர்ப்பதாகச் சொல்லும் முகாம் ஒன்றுக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். ஒழுங்காகத் தியானம் செய்தால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் வீடோ சாலையோர அடுக்குமாடியில். கண்ணை மூடினால் போகிற வருகிற மோட்டார் எல்லாம் கேட்கிறது. தனக்கு மன ஒருமைப்பாடே கிடையாது, தேர்விலும் இதே கதிதான் என்று அவனே முடிவுகட்டிவிட்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாமல் யாரையாவது பின்னால் நின்று தடித்த புத்தகம் ஒன்றைக் கீழே போடச் சொல்லுங்கள். நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் உங்கள் இமைத் தசை சுருங்கத் தொடங்கிவிடும். “என்ன சத்தம்?” என்று நினைப்பதற்கு முன்பே நடப்பது இது. மூளைத்தண்டின் வேலை, உங்கள் அனுமதியை அது கேட்பதில்லை. அதே சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டால் மூளை அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடும். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் நமக்குக் கேட்காமல் போவது இப்படித்தான். இதைப் பழகிப்போதல் என்கிறோம்.

தியானம் இதை மாற்றுமா? ஓய்வாகக் கண்மூடி இருக்கும்போது மூளையில் நொடிக்கு 8 முதல் 13 முறை ஆல்பா அலை எழும். திடீர்ச் சத்தம் அதைத் தடுத்துவிடும். 1961இல் டெல்லியில் ஆனந்த், சின்னா, சிங் ஆகிய ஆய்வாளர்கள் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவுசெய்தார்கள். சமாதி நிலையில் உரத்த சத்தம் எழுப்பியும் ஆல்பா அலை தடைபடவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து ஜப்பானில் கசமாட்சுவும் ஹிராயும் ஜென் துறவிகளுக்கு ‘டிக்’ என்ற ஒலியை மீண்டும் மீண்டும் கொடுத்தார்கள். முடிவு நேர் எதிர். ஒவ்வொரு ஒலிக்கும் அலை தடைபட்டது. அவர்கள் பழகிப்போகவே இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டதுபோல.

ஒருவர் கேட்கவே இல்லை, மற்றவர் ஒவ்வொன்றையும் கேட்டார். எவ்வளவு அழகான கதை! இரண்டு ஆய்வுகளிலும் சத்தத்தை வைத்துச் சோதிக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே என்பது பலருக்கு மறந்துபோனது. 1981இல் அமெரிக்காவில் பெக்கரும் ஷப்பைரோவும் ஜென், யோகா, ஆழ்நிலைத் தியானம் செய்வோரையும் தியானம் பழகாதவர்களையும் ஒன்றாகச் சோதித்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் பழகிப்போனார்கள். முகாம் விளம்பரங்களில் இந்த ஆய்வை நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் தியானத்தால் பயனே இல்லையா? அப்படியும் சொல்லமாட்டேன். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுமார் 40 ஆண்டுகள் தியானம் பழகிய பௌத்தத் துறவி மத்தியூ ரிக்கார்டின் காதில் 115 டெசிபல் ஒலியை வெடிக்கவிட்டார்கள். எதன்மீதும் கவனத்தைக் குவிக்காமல் திறந்த மனத்தோடு அவர் அமர்ந்திருந்தபோது திடுக்கிடல் குறைந்தது. கவனியுங்கள், குறைந்ததுதான். 2007இல் வந்த மற்றோர் ஆய்வில், மிக நீண்டகாலம் பழகியவர்களுக்கு மனத்தை உலுக்கும் ஒலிகளைக் கேட்டபோது, உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதி குறைவாகவே கிளர்ந்தது. அவர்கள் 10,000 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தவர்கள். தினம் 20 நிமிடம் என்றால் அதற்கு 82 ஆண்டு ஆகும். கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார இறுதி முகாமில் பதினேழு வயதுப் பையனிடம் இதை எதிர்பார்ப்பது எந்த நியாயம்? அமைதியாகப் பத்து நிமிடம் உட்காருவதை நான் எதிர்க்கவில்லை, நானும் உட்காருகிறேன். சத்தம் கேட்டதைத் தோல்வி என்று ஒரு பிள்ளையை நம்பவைப்பதைத்தான் எதிர்க்கிறேன். இன்னொன்றும் உண்டு. வீட்டில் தொலைக்காட்சியை அலறவிட்டுக்கொண்டு, “நீ மனத்தை அடக்கு” என்று பிள்ளையிடம் சொல்கிறோம். சத்தத்தைக் குறைப்பது யார் வேலை?

அந்த மாணவனிடம் புத்தகத்தைக் கீழே போட்டுக் காட்டினேன். அவன் இமைத்தான். போட்ட நானும் இமைத்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, படிக்கும் மேசையைச் சாலைப்பக்க அறையிலிருந்து பின்னறைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். “இவ்வளவுதானா டீச்சர்?” என்றார்.