பதில் வரலைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தமா?

நான் படிக்கிறது பி.காம். கம்ப்யூட்டர் ஆசாமி இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் மண்டையைக் குடையுது.

நூறு கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வேலை செய்தால், குழுவில் யார் யார் இருக்காங்க என்ற பட்டியல் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கணும். ஒன்று மட்டும் பதில் சொல்லவில்லை. செத்துப்போச்சா, நெட்வொர்க்தான் மெதுவா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்! 2002-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்விம் என்ற முறை உடனே பெயரை அடிக்காது. வேறு கம்ப்யூட்டர்கள் வழியாகக் கேட்கும். அப்போதும் பதில் இல்லையென்றால் 'சந்தேகம்' என்று அறிவிக்கும். அது சந்தேகத்துக்கு ஆளானவர் காதிலும் விழும். "இருக்கேன்" என்று சொல்ல அவகாசமும் உண்டு.

எங்க செங்கத்தில் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகள் உண்டு. 2025 டிசம்பர் 19-ல் வந்த வரைவு வாக்காளர் பட்டியலில், தமிழ்நாடு முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீக்கம். இறந்தவர், இரட்டைப் பதிவு... நீக்கத்தான் வேண்டும். முறையிட அவகாசமும் கொடுத்தார்கள். ஆனால் பூட்டிய கதவை மூன்று முறை தட்டினாலும் பூட்டா பதில் சொல்லும்? 'உங்க பேர் சந்தேகத்தில் இருக்கு' என்ற சேதி முதலில் அவர் கைபேசிக்குப் போகட்டும். அப்புறம் அடிங்க பெயரை!