கயிறு பிடிக்க ஒரு மச்சான்

கொஞ்சம் நீளமான இழை. சைக்கிள்ல போய் மலை ஏறணும்னு ஆசைப்படுற நம்ம ஊர்க்காரங்களுக்காக எழுதறேன்.

தூத்துக்குடியில பிறந்து வளர்ந்தவங்களுக்கு பக்கத்துல பார்க்கக் கிடைக்கிற மலை உப்பு அம்பாரம்தான். அதனால "ஞாயித்துக்கிழமை கழுகுமலை, சைக்கிள்ல" என்று குரூப்புல ஒருத்தர் போட்டாலே பத்து பேர் கை தூக்கிடறாங்க. நல்ல விஷயம். போங்க. நானும் போறவன்தான்.

எப்போதும்வென்றான், எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை. ஒரு பக்கம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பெரும்பாலும் கரிசல், நிழல் குறைவு. ஆனி, ஆடியில போனா மேற்குக் காத்து மூஞ்சியில அறையும், ஆனா திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்து வீட்டுல விடும். தை, மாசியில அப்படியே தலைகீழ். போகும்போது காத்து முதுகுல தள்ளும். "நாம இவ்வளவு ஸ்ட்ராங்கா!" என்று நமக்கே ஒரு நினைப்பு வரும். கணக்கு சாயங்காலம்தான் தெரியும்.

நான் போனது மாசியில. கூட வந்தது என் மனைவியின் தம்பி. காலை 4.30 மணிக்குக் கிளம்பினோம். தொப்பி, ஓஆர்எஸ், குளுக்கோஸ் பிஸ்கட், நாலு பாட்டில் தண்ணி, நோயாளிகளுக்கு நான் சொல்ற லிஸ்ட் மொத்தமும் என் பையில இருந்தது. பத்தே முக்காலுக்கு மலையடிவாரம்.

வெட்டுவான் கோயில் வரைக்கும் படிக்கட்டு, கைப்பிடி எல்லாம் இருக்கு. 8ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைஞ்சு எடுத்து, முடிக்காமலே விட்ட கோயில். அடுத்து சமணர் சிற்பங்கள், அய்யனார் கோயில். (சிற்பங்கள் மேல கை, கால் வைக்காதீங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல தாங்கினது உங்க செல்ஃபிக்காகத் தேய வேண்டாம்.) அதுக்கு மேல உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கணும்னா சரிவான மொட்டைப் பாறை. சில இடத்துல கையையும் ஊன்றித்தான் ஏறணும்.

அந்தப் பாறையில பாதி ஏறும்போது மச்சினன் சொன்னான்: "அத்தான், போதும். இறங்குவோம்."

எனக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை, கத்தினேன். "இவ்வளவு தூரம் மிதிச்சு வந்துட்டு, இந்தா தெரியுது உச்சி, இதுல திரும்பச் சொல்றியே?" அவன் பதில் பேசல. என் பையை வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டு இறங்க ஆரம்பிச்சுட்டான். தண்ணி அவன்கிட்ட போயிடுச்சு, நானும் இறங்கித்தானே ஆகணும். முடிக்காம விட்ட கோயில் கீழேயே நிக்குது, எனக்குத்தான் முடிக்காம திரும்ப மனசு இல்லை!

அய்யனார் கோயில் பக்கம் நிழல்ல உட்கார்ந்து தலையில தண்ணி ஊத்தினப்புறம்தான் அவன் சொன்னான். கடைசி பத்து நிமிஷத்துல ஒரே கேள்வியை மூணு தடவை கேட்டிருக்கேன். ரெண்டு தடவை கால் வழுக்கியிருக்கு. எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்லை. இத்தனைக்கும் நான் டாக்டர்.

இதுதான் நான் சொல்ல வந்தது. "போறதுக்கு முன்னாடி பிபி, சுகர் பாருங்க, தண்ணி குடிங்க" என்று நாங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா அந்த அறிவுரை முழுக்க ஒரு நம்பிக்கை மேல நிக்குது: உடம்பு சரியில்லைன்னா உங்களுக்கே தெரியும் என்ற நம்பிக்கை. வெயில்ல அது வேலை செய்யாது. கடுமையா உழைக்கும்போது ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டருக்கு மேலகூட வியர்வை போகலாம். நம்ம கடற்கரையில அது சொட்டுறது தெரியும். கரிசல் பக்கத்து வறண்ட காத்துல உடனே காஞ்சுடும், போனதே தெரியாது. உடம்புச் சூடு ஏற ஏற மூளை தடுமாறும். எரிச்சல், பிடிவாதம், உளறல், தள்ளாட்டம். நிறுத்தலாமா வேண்டாமா என்று முடிவு எடுக்கற இடமே கெட்டுப்போன பிறகு, முடிவை அதுகிட்டயே கேட்டா அது "இன்னும் கொஞ்சம்தான்" என்றுதான் சொல்லும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடறவங்களுக்கு சர்க்கரை இறங்கினாலும் இதே கதை.

சைக்கிள் இதை இன்னும் மோசமாக்குது. கார்ல போனவன் சுலபமா திரும்பிடுவான். 80 கிலோமீட்டர் மிதிச்சவனுக்கு மனசு வராது. வெள்ளியங்கிரியில 2024 சீசன்ல பல பக்தர்கள் இறந்தாங்க. ஆறு மலை ஏறினவர்கிட்ட ஏழாவது வேண்டாம்னு சொல்லிப் பாருங்க. 1996 மே மாசம் எவரெஸ்ட்ல புயல் வந்த அன்னிக்கு, மதியம் 2 மணி தாண்டியும் பலர் மேல போய்க்கிட்டுதான் இருந்தாங்க. 8 பேர் திரும்பல.

இன்னொண்ணு. சைக்கிள் மிதிச்சுப் பழகின தொடை, இறங்கறதுக்குப் பழகின தொடை இல்லை. மிதிக்கும்போது தசை சுருங்கி வேலை செய்யும். இறங்கும்போது நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கணும், அது வேற வேலை. அதனாலதான் இறங்கும்போது முட்டி நடுங்குது. ஏறும்போது ஏற்கனவே களைச்ச கால், இறங்கும்போது வழுக்கும்.

நம்ம ஊர் முத்துக்குளிப்புல இதுக்கு ஒரு வழி வச்சிருந்தாங்க. கல்லைக் கட்டி இறங்கறவர் கீழே. கயிறு பிடிக்கிறவர் தோணியில. கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பாங்க என்று பெரியவங்க சொல்லுவாங்க, தன் அக்கா தங்கச்சி தாலி அந்தக் கயித்துல இருக்குன்னு அவனுக்குத் தெரியுமாம். 1961-க்குப் பிறகு இங்க முத்துக்குளிப்பு நடக்கல, ஆனா அந்தக் கதை இன்னும் இருக்கு. மூச்சடக்கி முங்கினவனுக்கு ஆக்சிஜன் குறையும்போது மயக்கம் சொல்லிக்கிட்டு வராது. அதனால முடிவு முழுசா அவன் கையில இருக்கக் கூடாது. மேல இருக்கறவனும் கவனிச்சு இழுக்கணும்.

அதனால கிளம்பறதுக்கு முன்னாடி, தெளிவா இருக்கும்போதே, ஒருத்தரைக் கயிறு பிடிக்க வைங்க. அவர் "போதும்" என்றா போதும், விவாதம் கிடையாது. ரெண்டு பேர்னா ஒருத்தருக்கொருத்தர். அவருக்கு உங்க மாத்திரை என்னன்னு தெரியணும், முக்கியமா நீர் பிரியற பிபி மாத்திரை. உளறல் வந்தா முதல்ல நிழல், தண்ணி ஊத்தி விசிறுறது, கூடவே 108. குளிர வைக்காம வண்டிக்காகக் காத்துக்கிட்டு நிக்கக் கூடாது.

"தனியா போறதுதான் சுகம்" என்பவங்களுக்கு: வீட்டுல ஒரு நேரம் சொல்லிட்டுப் போங்க. பத்தரைக்கு எங்க இருந்தாலும் திரும்பறேன் என்று. அந்த நேரத்துக்கு அவங்க போன் பண்ணட்டும். மனுஷன் அளவுக்கு ஆகாது, ஆனா ஒண்ணுமில்லாததுக்கு இது மேல்.

கால் மரத்துப்போற சர்க்கரை நோயாளிகள் நடுப்பகல்ல பாறையில வெறுங்கால் வைக்காதீங்க. சுடறதே தெரியாது, கொப்புளம் மறுநாள்தான் தெரியும். கோயில்னா காலையிலேயே போய் கும்பிட்டுக்கோங்க.

அன்னைக்கு நாங்க திரும்ப மிதிக்கல. எதிர்க்காத்து வேற. கோவில்பட்டியில இருந்து ஒரு குட்டியானை பிடிச்சு சைக்கிளை ஏத்திக்கிட்டு வந்தோம், மச்சினன்தான் காசு கொடுத்தான். வீட்டுல கடலை மிட்டாயைக் கொடுத்துட்டு விஷயத்தைச் சொல்லாம மறைக்கப் பார்த்தேன். அவன் அதையும் சொல்லிட்டான்.

கமெண்ட்டுல கேட்டவங்களுக்கு: வல்லநாடு பக்கம்தான், ஆனா அது வெளிமான் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாம ஏறாதீங்க. கழுகுமலைக்கு மார்கழியில மறுபடி போறோம், இந்தத் தடவை கோவில்பட்டியில ராத்திரி தங்கி, விடியக்காலையில ஏற. பையை அவனே தூக்கறானாம்.