பயமுறுத்த ஓர் ஊர் வேண்டும்



நம் இதழின் சிறுவர் பகுதிக்கு வரும் பேய்க்கதைகளில் பெரும்பாலும் ஒரே வீடுதான் வருகிறது. ஊருக்கு வெளியே பாழடைந்த பங்களா, கிறீச்சிடும் கதவு, வெள்ளைப் புடவை. அந்த பங்களா எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதியவருக்கே தெரியாது. படிக்கும் பிள்ளைக்கும் பயம் வருவதில்லை, கொட்டாவிதான் வருகிறது. இதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் அமெரிக்க ரோலர் கோஸ்டர் தேவைப்படுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், அரியலூருக்கு வந்துவிடுவேன்.

ஒஹையோ மாநிலத்தில் கிங்ஸ் ஐலண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 1979 ஏப்ரலில் அங்கே 'தி பீஸ்ட்' என்ற ரோலர் கோஸ்டரைத் திறந்தார்கள். கட்டுமானம் மரத்தால் ஆனது. தண்டவாளத்தின் நீளம் சுமார் இரண்டேகால் கிலோமீட்டர். மர ரோலர் கோஸ்டர்களில் உலகிலேயே நீளமானது இன்றும் இதுதான். ஒருமுறை சுற்றிவர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே ஒஹையோவில் பிறந்து வளர்ந்தவர் ஆர். எல். ஸ்டைன். சிறுவர் திகில் கதைகளில் அவரை மிஞ்ச ஆளில்லை. 'கூஸ்பம்ப்ஸ்' வரிசையை எழுதியவர் என்றால் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று தெரியும். 1994இல் அவர் இந்த ரோலர் கோஸ்டரை வைத்து, அதே பெயரில், ஒரு நாவல் எழுதினார். அடுத்த ஆண்டே இரண்டாம் பாகமும் வந்தது.

அந்த ரோலர் கோஸ்டரிடம் ஓர் எழுத்தாளர் கற்க வேண்டியது அதன் உயரத்தை அல்ல. உயரத்தில் அதை மிஞ்சியவை நிறைய வந்துவிட்டன. அதைக் கட்டியவர்கள் காட்டை மட்டமாக்கிவிட்டு நட்டநடுவில் நிறுத்தவில்லை. நிலம் எங்கே சரிந்ததோ அங்கே தண்டவாளமும் சரிந்தது, மேடு வந்தால் ஏறியது. மரங்களுக்கு நடுவே ஓடி, சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அடுத்த வளைவு எங்கே என்று ஏறியவருக்குத் தெரியாது. இரவில் அந்தக் காட்டுக்குள் வெளிச்சமும் இல்லை. அதனால் இருட்டிய பிறகு ஏறுவதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. பயத்தில் பாதியை நிலமே கொடுத்துவிடுகிறது. ஸ்டைன் செய்ததும் இதைத்தான். பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறி, கத்தி, இறங்கிய இடத்தை எடுத்துக்கொண்டார். படித்த பிள்ளை மறுபடி அங்கே போகும்போது வேறு கண்ணோடு பார்க்கும் அல்லவா?

அரியலூர், பெரம்பலூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் ரோலர் கோஸ்டர் கிடையாது. திருவிழாவுக்கு வரும் ராட்டினமும் கொலம்பஸும் மரணக் கிணறும்தான் நமக்கு. (மரணக் கிணற்றின் பலகை மீது நின்று, கீழேயிருந்து மோட்டார் சைக்கிள் ஏறிவரும்போது பலகை நடுங்குவதை அனுபவித்தவருக்கு எந்த அமெரிக்காவும் வேண்டாம்.) ஆனால் நிலத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை.

சாத்தனூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடையோரத்தில் ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. பதினெட்டு மீட்டர் நீளம், முழுவதும் கல். 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். டைனோசர்கள் திரிந்த காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கடல். அடித்துவரப்பட்ட மரம் கடலடி மண்ணில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல்லாகிவிட்டது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றும் சிப்பியும், அம்மோனைட் என்ற அக்காலக் கடலுயிரியின் படிவமும் வெளிப்படுகின்றன. பருத்திக்காட்டில் நிற்கும் ஒரு பையனுக்கு நள்ளிரவில் அலைச் சத்தம் கேட்டால் என்ன ஆகும்? எனக்கே இதை எழுதும்போது முதுகு சிலிர்க்கிறது.

2020இல் குன்னம் பக்கம் ஓர் ஏரியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்று சொன்னார்கள். செய்தி அங்கே முடிந்தது. கதை அங்கேதான் தொடங்க வேண்டும். யாரோ ஒரு சிறுமி அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால்? (கதையில் மட்டும். நிஜத்தில் புதைபடிவங்களைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.) ரஞ்சன்குடிக் கோட்டையின் நிலவறைகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரம் போர் நடந்த பகுதி அது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகாத பெரம்பலூர்ப் பிள்ளை உண்டா?

ஓர் இடத்தில் மட்டும் நான் தயங்குகிறேன். ரயில், இரவு, பாலம் என்றதும் அரியலூர்க்காரர்களுக்கு மருதையாறு நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 23 அன்று, வெள்ளத்தில் பாலம் சேதமடைந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பொறுப்பேற்றுத்தான் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்தப் பாலத்தை வைத்து ஊரில் சொல்லப்படும் கதைகள் என் காதிலும் விழுந்திருக்கின்றன. இறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வாசகர்களாக இருக்கலாம். அவர்கள் துக்கத்தை ஆவியாக்கி விளையாட்டுக் காட்ட இந்த இதழில் இடமில்லை. கற்பனைப் பயம் வேறு, பிறர் கண்ணீர் வேறு.

பேய்க்கதை படித்தால் பிள்ளை ராத்திரி கொல்லைப்பக்கம் போகாது என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அம்புலிமாமாவில் மாதாமாதம் வேதாளம் தோளில் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்? அடுத்த இதழ் எப்போது வரும் என்றுதான் காத்திருந்தோம். பயந்து பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு இயல்பானது. அதற்கு நல்ல தீனி போடவில்லை என்றால், செல்பேசியில் கண்டதையும் பார்க்கும்.

ஆகவே எழுதி அனுப்புங்கள். பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் படிக்கும்படி இருக்கட்டும். ஊரும் இடமும் உண்மையாக இருக்க வேண்டும், பேய் உங்கள் சொந்தச் சரக்காக இருக்க வேண்டும். எழுதுபவர் ஆறாம் வகுப்பு மாணவி என்றாலும் சரி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்றாலும் சரி. பாழடைந்த பங்களாவோடு வரும் கதைகளை மட்டும் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ஆசிரியர்