ஆகாச வீதியில் குப்பை

2009-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 10-ந் தேதி ஸைபீரியாவுக்கு மேலே, சுமார் 490 மைல் உயரத்தில், இரண்டு செயற்கைக் கோள்கள் மோதிக்கொண்டன. ஒன்று, டெலிபோன் பேச்சுக்களைச் சுமந்து வந்த 'இரிடியம் 33' என்னும் அமெரிக்கக் கம்பெனியின் கோள். மற்றொன்று ருஷ்யாவின் 'காஸ்மாஸ் 2251'. அது பல வருஷங்களுக்கு முன்பே உயிர் போனது. ஆனால் எடுத்து அடக்கம் செய்வாரில்லாமல் சுற்றிக்கொண்டேயிருந்தது. விநாடிக்கு 7 மைல் வேகத்தில் நேர்ந்த அந்த மோதலில், கண்டு கணக்கெடுக்கக்கூடிய துண்டுகள் மட்டும் 2,000-க்கு மேல் சிதறின.

ஆகாசத்தில் நடந்ததைப் பற்றி நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். புயல் வருமுன் செம்படவரைக் கரைக்கு அழைக்கும் செய்தி அத்தகைய கோள்களிடமிருந்தே வருகிறது. அவ்வளவு உயரத்தில் காற்றின் தடை மிகச் சொற்பம். ஆதலின் துண்டுகள் விழப் பல பத்து வருஷங்களாகும். அதற்குள் ஒரு துண்டு மற்றொரு கோளை உடைக்கலாம்; அதன் துண்டுகள் வேறொன்றை உடைக்கலாம். டொனால்டு கெஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1978-லேயே இந்த அபாயத்தை எடுத்துரைத்தார்.

பெருக்கி எடுத்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். 1967-ம் வருஷத்து விண்வெளி உடன்படிக்கையின்படி, ஒரு தேசம் ஏவிய கோள் செத்தாலும் உடைந்தாலும் அதன் உரிமை மாறுவதில்லை. உரியவர் சம்மதமின்றி அயலார் அதைத் தொடலாகாது. ஆகவே, எத்தகைய வல்லரசும் தனித்து நின்று ஆகாசத்தைச் சுத்தம் செய்ய இயலாது. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் விண்வெளிக் கமிட்டி 2019-ல் 21 நெறிகளை ஏற்றுக்கொண்டது. நல்ல காரியந்தான், ஆயினும் அவை புத்திமதிகளேயன்றிச் சட்டமல்ல.

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே வருஷம் மார்ச் 27-ந் தேதி நம் தேசம் தன் கோள் ஒன்றை ஏவுகணையால் தானே உடைத்துக் காட்டியது. 2007-ல் சீனா 530 மைலுக்கு மேல் செய்ததை நாம் 180 மைல் அளவிலேயே செய்தோம். பெரும்பாலான துண்டுகள் விரைவில் கீழிறங்கி எரிந்தன. ஆனால், அண்டை வீட்டாரைவிடக் குறைவாகக் குப்பை கொட்டினோம் என்பது ஒரு பெருமையா?

2030-க்குள் குப்பையில்லா விண்வெளிப் பயணம் என்று 2024-ல் இந்தியா உலகுக்கு வாக்களித்திருக்கிறது. ஏரிக் கரையைச் செப்பனிட வீட்டுக்கு ஓர் ஆள் வருவது நம் கிராமங்களின் குடிமராமத்து. ஆகாசத்துக்கும் அதுவே வழி. முதல் மண்வெட்டி நம்முடையதாக இருக்கட்டும். கொடுத்த வாக்கைக் காப்பதே தேசபக்தி.